பொருந்தாத வண்டிகள்

சனி, ஞாயிறு வந்தால் கானாடுகாத்தானின் அகலமான தெருக்களில் புல்லட்டுகள் வரிசைகட்டி வருகின்றன. சென்னை, பெங்களூர், மதுரைப் பதிவெண்கள். அரண்மனைக்கு எதிரே வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு, அடுத்து ஆத்தங்குடிக்கு டைல்ஸ் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பர்மா தேக்குத் தூண், திண்ணை, அதன் முன்னால் ஒரு புல்லட் என்று எடுக்கப்படும் படங்களில் அந்த வண்டிக்கு ஒரு மிராசுதார் தோரணை வந்துவிடுகிறது. கனமானது, பழையது, அவசரப்படாதது. அதைக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் ஏற்றப் போவதாகச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். "அது ரோட்டுக்கு ராசா தம்பி. கம்மாக்கரையில சாஞ்சுச்சுன்னா தூக்க நாலு ஆளு வேணும்" என்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி.

ஆனால் அந்த வண்டி உலகத்தின் கண்ணில் முதன்முதலாகப் பட்டதே சேற்றில்தான். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, வண்டிகளைப் பற்றி நாம் சாதாரணமாகச் சொல்லும் 'பொருந்தும்', 'பொருந்தாது' என்ற சொற்கள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். காட்டுப் பாதைப் பந்தயங்களில், அதற்கென்று செய்யப்படாத வண்டிகளை ஓட்டியவர்களின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தது அப்படித்தான். ஐரோப்பாவில் இந்த வரலாறு ஒரு வீர விளையாட்டாக எழுதப்பட்டிருக்கிறது. நம்மூரில் அது வேறு மாதிரி நடந்தது. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சேற்றில் ஓர் அறிமுகம்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி, புல்லட் என்ற பெயரை 1932லேயே பயன்படுத்தியிருக்கிறது. நாம் அறிந்த புல்லட்டின் நேரடி மூதாதை, 346 சிசி எஞ்சினும் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் வைத்த வண்டி, 1948 பிப்ரவரியில் வெளியே வந்தது. வந்த இடம் கோல்மோர் கோப்பை என்ற ட்ரயல் போட்டி. விற்பனைக்கு வருவதற்கு முந்தைய முன்மாதிரி வண்டிகளைக் கம்பெனி அங்கே இறக்கிவிட்டது.

ட்ரயல் என்பது வேகப் பந்தயம் கிடையாது. பாறை, ஓடை, வழுக்கும் களிமண் மேடு என்று தேர்ந்தெடுத்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் புள்ளி போச்சு. வண்டி நின்றுபோனால் இன்னும் அதிகம் போச்சு. நம்மூர் வழுக்கு மரத்தைப் படுக்கப் போட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னால் எப்படியோ அப்படி. இந்தப் போட்டியில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத விறைப்பான சட்டகம்தான். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடினால் பிடிமானம் போய்விடும் என்பது அனுபவசாலிகளின் உறுதியான நம்பிக்கை. அந்தக் கூட்டத்தில் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்தான் பொருந்தாத வண்டி.

அதே 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் சர்வதேச ஆறு நாள் போட்டி நடந்தது. 1913இல் தொடங்கிய இந்தப் போட்டி இன்னும் கடுமையானது. ஆறு நாளும் மலைப்பாதைகளில் நேரக் கணக்குப்படி ஓட வேண்டும்; வண்டி உடைந்தால் ஓட்டுநரே சரிசெய்துகொள்ள வேண்டும். கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் புல்லட் ஓட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1949இல் புல்லட் விற்பனைக்கு வந்தது. விக் பிரிட்டனின் மகன் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலைப் புல்லட்டில் வென்றார். பின்சக்கரம் ஆடினால் பிடிமானம் போகாது, தரையின் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டே போவதால் பிடிமானம் கூடத்தான் செய்யும் என்பது அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சில ஆண்டுகளில் விறைப்புச் சட்டக வண்டிகள் பழைய சரக்காகிவிட்டன.

ஐரோப்பாவில் பொருந்தாத வண்டியைக் காட்டில் ஓட்டுவதற்கு அன்றைக்கு ஒரு தெளிவான வியாபாரக் காரணமும் இருந்தது. 1951இல் ஆறு நாள் போட்டி இத்தாலியின் வரேசேயில் நடந்தபோது பியாஜியோ கம்பெனி தன் வெஸ்பா ஸ்கூட்டர்களை அனுப்பியது. வெஸ்பா சின்னச் சக்கர வண்டி. கடைவீதிக்கும் அலுவலகத்துக்கும் போக, பாவாடை கட்டிய பெண்களும் ஏறி உட்கார வசதியாகச் செய்தது. அது 9 தங்கப் பதக்கங்களோடு திரும்பியது. "இதுவே மலையில் ஆறு நாள் ஓடும் என்றால், உன் ஊர் ரோட்டில் ஓடாதா?" என்பது விளம்பரத்தின் சாரம். பொருந்தாமை அங்கே ஒரு சாட்சியம். வண்டியின் உறுதியை நிரூபிக்க அதைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மெட்ராசுக்கு வந்த பிறகு

இந்தச் சாட்சியம் இந்தியாவுக்கும் எட்டியது. எல்லைப் பகுதிகளில் ரோந்து போக உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவத்துக்காக 1950களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் 800 புல்லட்டுகள் வரவழைக்கப்பட்டன. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ஆக, இங்கே வந்தபோதும் புல்லட் ரோடில்லாத இடத்துக்கான வண்டியாகத்தான் வந்தது.

பிறகு என்ன நடந்தது என்றால், உலகம் நகர்ந்துவிட்டது. 1964இன் கடைசியில் சாமி மில்லர் என்ற ட்ரயல் சாம்பியன், தான் வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்த கனமான பிரிட்டிஷ் ஏரியல் வண்டியை விட்டுவிட்டு, ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனிக்குப் போனார். அவர்கள் செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி 90 கிலோவை ஒட்டிய எடைதான். 1965இல் அதை வைத்து ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார். கனமான நாலு-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அத்தோடு முடிந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் கம்பெனியே இல்லை.

திருவொற்றியூரில் மட்டும் புல்லட் அப்படியே வந்துகொண்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு, உரிம ஆட்சி, கையில் காசிருந்தும் வண்டிக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஜனங்கள். மாற்றுவதற்கு எந்த நெருக்கடியும் இல்லாத சந்தை. சேற்றுக்கென்றே வந்த வண்டி, பெரிதாக எதுவும் மாறாமல், சேற்றுக்குப் பொருந்தாத வண்டியாகிவிட்டது. மாறியது வண்டியைச் சுற்றி இருந்த உலகம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இது எனக்கு நன்றாகப் பழக்கமான விஷயம். பத்து வருஷத்துக்கு முன் எழுதிய நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, ஆனால் ஒருநாள் காலையில் அது 'பழைய சரக்கு' ஆகியிருக்கும்.

மைசூரின் கதையும் இதேதான். ஐடியல் ஜாவா கம்பெனி 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை அங்கே செய்யத் தொடங்கியது. 1970களில் அது யெஸ்டி ஆனது. அதே 1960களில் ஜாவாவின் உடன்பிறப்பான சிஇசட் வண்டிகள் ஐரோப்பாவில் மோட்டோகிராஸ் உலகப் பட்டங்களை வரிசையாக அள்ளிக்கொண்டிருந்தன. 1964இல் ஜோயல் ராபர்ட் 250 சிசி பட்டம், 1966 முதல் 1968 வரை மூன்று ஆண்டுகள் பால் ஃப்ரீட்ரிக்ஸ் 500 சிசி பட்டம். அந்தக் குடும்பத்தில் பந்தய மகன் ஐரோப்பாவில் இருந்தான். நமக்கு வந்து சேர்ந்தவன் குடும்பஸ்தன். பால்காரர், வாத்தியார், பஞ்சாயத்துத் தலைவர் ஓட்டும் வண்டி.

ஓடுபாதைகள்

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சோழவரம். இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும் வரை தென்னிந்தியாவின் பந்தய மைதானம் அதுதான். நம்ம செட்டிநாட்டிலும் அப்படியொரு போர்க்கால ஓடுபாதை உண்டு. கானாடுகாத்தானிலிருந்து தூரமில்லை, கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடக்கிறது. ஒரே போர், ஒரே சர்க்கார் போட்ட இரண்டு தளங்கள். மெட்ராசுக்கு அருகில் இருந்தது பந்தயக் களமானது, சிவகங்கைச் சீமையில் இருந்தது மாடு மேயும் இடமானது. பந்தயம் எங்கே வளரும் என்பதைப் பெருநகரத்திலிருந்து எத்தனை மைல் என்ற கணக்கு தீர்மானித்துவிடுகிறது.

செட்டிநாட்டுக்கும் பந்தயத்துக்கும் உறவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தின் எம்.ஏ.எம். ராமசாமி இந்தியாவின் மிகப் பெரிய பந்தயக் குதிரை உரிமையாளர்களில் ஒருவராக இருந்தவர். அந்தக் குதிரைகள் தலைமுறை தலைமுறையாக ஓடுவதற்கென்றே வளர்க்கப்படும் இனம். இன்னொரு பக்கம் இதே மண்ணில் எல்கைப் பந்தயம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து, உழவும் வண்டியும் தெரிந்த மாட்டு வம்சத்தை ரோட்டில் விரட்டுகிற பந்தயம். ஓடுவதற்கென்றே வளர்த்ததும், இருப்பதை ஓட்டுவதும் ஆகிய இரண்டு மரபுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. இந்திய மோட்டோகிராஸ் இரண்டாவது மரபைச் சேர்ந்தது.

1970களிலும் 80களிலும் புனே, பெங்களூர், கோவை போன்ற ஊர்களில் மண் தடப் பந்தயங்கள் சூடுபிடித்தபோது ஓட்டுவதற்கு என்ன இருந்தது? புல்லட், யெஸ்டி, ராஜ்தூத். மோட்டோகிராஸ் வண்டி என்று ஒன்றைக் கடையில் வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வசதியோ வழியோ உள்ளவர்கள் மிகச் சிலர். பந்தயங்களில் வெளிநாட்டு வண்டிகளுக்குத் தனிப் பிரிவு, இந்திய வண்டிகளுக்குத் தனிப் பிரிவு என்று வைக்க வேண்டிய அளவுக்கு இடைவெளி. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் இன்ட்-சுசூகி ஏஎக்ஸ்100, யமஹா ஆர்எக்ஸ்100 வந்தன. 1990களில் டிவிஎஸ் சுசூகியின் ஷோகன். 100 கிலோவை ஒட்டிய எடை, சீறும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இவையும் காலேஜுக்கும் ஆபீசுக்கும் போகிற வண்டிகள்தான். ஆனால் முன்பிருந்தவற்றோடு பார்த்தால் வரப்பிரசாதம். மண் தடப் பந்தயம் பல ஊர்களுக்குப் பரவியது இவற்றின் முதுகில்தான்.

பட்டறையில் நடந்தது

என் பெரியப்பா காரைக்குடியில் பட்டறை வைத்திருந்தார். 90களின் கடைசியில் கோவைப் பக்கம் டர்ட் ட்ராக் பந்தயத்துக்குப் போகிற நாலைந்து பையன்களுக்கு ஆர்எக்ஸ்100, ஷோகன் வண்டிகளைத் தயார்செய்து கொடுத்திருக்கிறார். அவரிடம் நான் கேட்டுக் குறித்துக்கொண்டது, ஏறத்தாழ நாடு முழுக்கப் பட்டறைகளில் நடந்ததுதான்.

முதலில் கழற்றுவது. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, கேரியர், புடவைக் கம்பி, சைடு ஸ்டாண்டு என்று எல்லாம் போகும். பிறகு மாற்றுவது. பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டுவார்கள். உச்ச வேகம் குறையும், மண்ணிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் இழுவை கூடும். அகலமான ஹேண்டில்பார், கட்டை வைத்த டயர், சேறு அடைக்காதபடி உயர்த்திய மட்கார்டு. சட்டகத்தில் விரிசல் விடும் இடங்கள் அவருக்கு மனப்பாடம். அங்கெல்லாம் தகடு வைத்துப் பற்றவைப்பார். ஃபோர்க்கில் ஆயிலைக் கெட்டியாக்கி, ஸ்பிரிங்குக்கு மேல் வெட்டிய குழாய்த் துண்டைச் சொருகி விறைப்பாக்குவார். "வண்டி என்ன நெனச்சுச் செஞ்சானோ அத மறக்கடிக்கணும். அதுதான்டா வேலை" என்பார்.

மறக்கடிக்க முடியாத ஒன்று இருந்தது. சஸ்பென்ஷன் பயணம். ரோட்டு வண்டியில் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் சுமார் 100 மி.மீ.; நிஜமான மோட்டோகிராஸ் வண்டியில் சுமார் 300 மி.மீ. இதன் பொருளைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வண்டி சமதரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தை 10 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் வண்டியும் ஆளும் தாங்க வேண்டிய சராசரி விசை, எடையைப் போல 11 மடங்கு. 30 செ.மீ. தூரம் கிடைத்தால் 4 மடங்குக்குச் சற்று மேல். நடைமுறையில் சரிவான மேட்டில் இறங்குவதால் இரண்டுமே குறையும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. அந்த வித்தியாசம் எங்கே போகும்? ஓட்டுகிறவனின் முழங்கால், கணுக்கால், இடுப்பு, மணிக்கட்டுக்குப் போகும். வண்டியில் இல்லாத சஸ்பென்ஷனை மனுஷன் தன் உடம்பால் ஈடுகட்டினான்.

பெரியப்பா தயார்செய்த ஒரு வண்டியில் ஃபோர்க் அடியோடு மடங்கி, ஓட்டிய பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பந்தயத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். "நல்லா ஓட்டுனான். வண்டிதான் அவனுக்குப் பத்தல" என்று பெரியப்பா சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இந்த வரலாற்றின் இன்னொரு பக்கம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

விரும்பி எடுத்ததும் விதிக்கப்பட்டதும்

1980 ஜனவரியில் இரண்டாவது பாரிஸ்–டக்கார் ராலி. சஹாரா வழியாகப் பத்தாயிரம் கிலோமீட்டர். ஜான் பிரான்சுவா பியோ என்ற பிரெஞ்சுக்காரர் அதில் நான்கு வெஸ்பா பி200 ஸ்கூட்டர்களை இறக்கினார். மணலில் புதைவதற்கென்றே செய்தாற்போலச் சின்னச் சக்கரங்கள். நான்கில் இரண்டு டக்கார் போய்ச் சேர்ந்தன. மோட்டார் விளையாட்டு எழுதுகிறவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் கதை இது. எனக்கும் பிடித்த கதைதான்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு வசதி இருக்கிறது. பியோவுக்கு வேறு வண்டி கிடைக்கும். முந்தைய ஆண்டு முதல் டக்காரை, சிரில் நெவூ என்ற 22 வயதுப் பையன் யமஹா எக்ஸ்டி500 ஓட்டி வென்றிருந்தான். அந்த வண்டி பாரிஸ் கடைகளில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்ததுதான் அந்தச் செயலின் அழகு, குறும்பு எல்லாம். அதே 1980இல் இந்தியாவில் ஒரு பஜாஜ் சேத்தக் வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பதிந்த வண்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வந்தது என்று சொல்லாத குடும்பம் இல்லை. அந்தச் சேத்தக்கைப் பந்தயத்தில் போட்டு உடைக்க யாருக்கு மனசு வரும்?

வந்தது என்பதும் உண்மை. மும்பையில் மழைக்காலத்தில் ஸ்கூட்டர்களுக்கென்றே ஒரு ராலி பல ஆண்டுகள் நடந்தது. நவி மும்பைக் குன்றுகளில், கொட்டுகிற மழையில், முழங்கால் சேற்றில் பழைய வெஸ்பாக்களும் சேத்தக்குகளும் கியர் இல்லாத புதிய ஸ்கூட்டர்களும் ஓடும். ஆபீஸ் போகிறவர்கள், மெக்கானிக்குகள், கம்பெனி அணிகள் என்று எல்லோரும் வருவார்கள். இங்கே ஸ்கூட்டர் ஓடியதற்குக் காரணம், வீட்டில் இருந்த வண்டி அது. வெஸ்பா டக்கார் போனது குறும்பு. மும்பைச் சேற்றில் ஸ்கூட்டர் ஓடியது, இருப்பதை வைத்து ஆடிய ஆட்டம். இரண்டிலும் ஓட்டுகிறவன் முகத்தில் ஒரே சிரிப்பு இருக்கலாம். வரலாறு ஒன்றல்ல.

என் தொழிலில் 'கட்டுப்பாடுதான் படைப்பாற்றலை வளர்க்கும்' என்று ஒரு வேதவாக்கு உண்டு. குறைந்த நினைவகத்தில் விண்கலம் ஓட்டினார்கள் என்பார்கள். சொல்பவர்கள் மேசையில் எப்போதும் நல்ல கணினிதான் இருக்கும். நம்முடைய 'ஜுகாட்' பெருமையும் இப்படித்தான். ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டிய பட்டறைகளின் மூளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூளையில் பெரும்பகுதி, இன்னொரு நாட்டில் கடையில் கிடைக்கும் ஒன்றை ஏறக்குறைய எட்டுவதற்குத்தான் செலவானது. அது ஒரு வரி. நாம் கட்டினோம்.

டக்காருக்கு வந்த வழி

எவ்வளவு வரி என்பதைக் காலத்தில் அளக்கலாம். டக்கார் ராலி தொடங்கியது 1978 டிசம்பரில். அதில் கலந்துகொண்டு முடித்த முதல் இந்திய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ், 2015இல், 36ஆவது இடம். இடையில் 36 ஆண்டுகள். சந்தோஷ் முப்பதைத் தாண்டியிருந்தார். அதற்குமுன் தேசிய அளவில் மண் தடப் பட்டங்களைப் பலமுறை வென்றவர். ஐரோப்பியப் பையன் பத்து வயதில் தன் அளவுக்குச் செய்த மோட்டோகிராஸ் வண்டியில் பழகத் தொடங்கும்போது, நம்மவர்கள் லைசென்ஸ் வயது வந்தபின், ரோட்டு வண்டியை மாற்றிப் போட்டுத்தான் பழக வேண்டியிருந்தது.

அதன்பின் கதவு கொஞ்சம் வேகமாகவே திறந்தது. ஓசூரின் டிவிஎஸ் 1982 முதலே பந்தய அணி வைத்திருந்தது. பிரான்சின் ஷெர்கோவோடு சேர்ந்து டக்காருக்குப் போனது. ஹீரோவும் அணி அமைத்தது. கே.பி. அரவிந்த் 2019இல் டக்காரை முடித்தார். அதே ஆண்டு ஐஸ்வர்யா பிஸ்ஸே பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவில் வென்றார். கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2021இல் 20ஆவது இடம். 2024இல் ஒட்டுமொத்தத்தில் 11ஆவதாக வந்து ராலி-2 பிரிவையே வென்றார். விலையும் இருந்தது. சந்தோஷ் 2021 ஜனவரியில் சவூதிப் பாலைவனத்தில் விழுந்து, மருத்துவர்கள் அவரைச் சில நாட்கள் மயக்க நிலையிலேயே வைத்திருக்க வேண்டிவந்தது. பொருத்தமான வண்டி வந்தால் ஆபத்து போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வண்டியின் போதாமையால் வரும் ஆபத்து போகும். விளையாட்டின் ஆபத்து இருக்கும்.

சாதாரணக் கடைக்கும் பொருத்தமான வண்டி வந்துவிட்டது. ஹீரோ 2011இல் இம்பல்ஸ் என்று ஒன்றை விட்டது, அவ்வளவாகப் போகவில்லை. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்: 21 அங்குல முன்சக்கரம், முன்பக்கம் 200 மி.மீ. பயணம். 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ், விலையில் இன்னும் எட்டக்கூடியது. பெரியப்பா குழாய்த் துண்டு சொருகி விறைப்பாக்கிய இடத்தில் இப்போது தொழிற்சாலையே இரண்டு மடங்கு தூரம் கொடுக்கிறது. 2019இல் ஜானி பிரிட்டன் நினைவாக 'புல்லட் ட்ரயல்ஸ்' என்று ஒரு வண்டியும் வந்தது. உயர்த்திய சைலன்சர், கட்டை டயர். வாங்க வேண்டியவர்களுக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டவில்லை போலிருக்கிறது; அடுத்த ஆண்டே விற்பனைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. சேற்றில் ஓடிய புல்லட்டை நாம் அவ்வளவு முழுமையாக மறந்திருந்தோம்.

எழுதப்படாத பக்கம்

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். ஐரோப்பாவின் பொருந்தாத வண்டிகளுக்கு ஆவணம் இருக்கிறது. ஜானி பிரிட்டன் ஓட்டிய புல்லட்டின் பதிவெண், எச்என்பி 331, இன்றும் ஆர்வலர்களுக்கு மனப்பாடம். சஹாராவைக் கடந்த வெஸ்பாக்களின் படங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில், எந்த ஊரில் எந்தப் பட்டறை எந்த யெஸ்டியை எப்படி மாற்றியது, எந்தச் சட்டகம் எங்கே விரிசல்விட்டது, பின் ஸ்பிராக்கெட்டில் எத்தனை பல் கூட்டினால் செம்மண்ணுக்குச் சரிவரும் என்பதெல்லாம் சில பேர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. கம்பெனிகளின் வெற்றிப் பட்டியலில் கோப்பை இருக்கும். பற்றவைத்தவர் பெயர் இருக்காது. அந்தத் தலைமுறை இப்போது அறுபதை, எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. மாற்றிப் போட்ட வண்டிகளில் பல பிறகு மறுபடி ஹெட்லைட் மாட்டி விற்கப்பட்டன, அல்லது எடைக்குப் போய்விட்டன.

பெரியப்பாவிடம் நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை. இருந்த ஒரே பதிவு, பட்டறைச் சுவரில் கரித்துண்டால் எழுதிய எண்கள்: ஸ்பிராக்கெட் பல், கார்பரேட்டர் ஜெட், ஃபோர்க் ஆயில் அளவு. பட்டறையைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது, புதிதாக எடுத்தவர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒரு பேப்பரை எடுத்து அவர் முன்னால் வைத்து, "அந்தச் செவத்துல என்னென்ன எழுதிருந்தீங்க, சொல்லுங்க பெரியப்பா" என்றேன். பாதிதான் நினைவிருந்தது. அதையாவது குறித்துக்கொண்டேன்.